கதவடைத்த நாடுகள்: தனிமைக் கொள்கையும் தமிழர் பட்டறிவும்

ஒரு நாடு பிற நாடுகளின் போர்களிலும் கூட்டணிகளிலும் சேராமல், இயன்றவரை தன் எல்லைக்குள்ளேயே வாழ்வை அமைத்துக்கொள்ள முடிவெடுப்பதைத் தனிமைக் கொள்கை என்கிறோம். இதற்கு மூன்று முகங்கள் உண்டு. முதலாவது அரசியல் தனிமை: இராணுவ ஒப்பந்தங்களையும் அணிகளையும் தவிர்ப்பது. இரண்டாவது பொருளாதாரத் தனிமை: இறக்குமதியையும் அந்நிய முதலீட்டையும் தடுத்து, வேண்டியதை எல்லாம் உள்நாட்டிலேயே செய்துகொள்ள முயல்வது. மூன்றாவது மக்கள் தொடர்பில் தனிமை: வெளியாரின் வரவையும், உள்நாட்டாரின் பயணத்தையும், நூல், செய்தி, கல்வி ஆகியவற்றின் போக்குவரத்தையும் கட்டுப்படுத்துவது.

மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. போர்க் கூட்டணிகளை விலக்கிக்கொண்டே உலகெங்கும் வணிகம் செய்த நாடுகள் உண்டு. மூன்றையும் ஒருங்கே கடைப்பிடித்த நாடுகளும் உண்டு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் தனிமைக் கொள்கை நல்லதா கெட்டதா என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்காது.

தமிழகம் இக்கொள்கையின் விளைவை நேரடியாகக் கண்ட நிலம். இருபதாம் நூற்றாண்டில் பர்மாவும் இலங்கையும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அளவில் தம் கதவுகளை அடைத்தன. பர்மாவில் வணிகம் அரசுடைமையாக்கப்பட்டதும், இலங்கை மலையகத் தமிழருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டதும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு லட்சம் பேரைத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பின.

பழைய முன்மாதிரிகள்

சீனத்தின் மிங் பேரரசு 1371இலேயே தனியார் கடல் வணிகத்துக்குத் தடை விதித்தது. ஆயினும் 1405 முதல் 1433 வரை அரசே தளபதி செங் ஹேயின் தலைமையில் பெருங்கப்பற்படைகளை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியது. அந்தப் பயணங்களின் சான்றாக 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டொன்று இலங்கையின் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை அது காட்டுகிறது. 1433க்குப் பிறகு அரசின் பெரும் பயணங்கள் நின்றன. வட எல்லைப் பாதுகாப்புக்கே பணம் செலவானது. சீனம் விலகிக்கொண்ட கடலில் அந்நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கீசியர் நுழைந்தனர்.

ஜப்பானில் தோக்குகாவா ஆட்சி 1630களில் தொடர் ஆணைகளால் நாட்டை மூடியது. ஜப்பானியர் வெளிநாடு செல்லவோ, சென்றவர் திரும்பவோ கூடாது என்றது. 1639இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641 முதல் டச்சுக்காரர் நாகசாகியின் தெஜிமா என்னும் சிறு தீவுக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டனர். அந்தச் சிறு வாசல் வழியாகவும் சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணி ஜப்பானுக்குச் சென்றது. சென்னைச் சாந்தோமின் பெயராலேயே அது அங்கே அழைக்கப்பட்டது. முழுக்கக் கதவடைத்த நாடு என்று வரலாற்றில் ஒன்றைக் காண்பது அரிது. கதவு மூடும்போது வணிகம் ஒரு சிலரின் கைக்குப் போகிறது என்பதே பெரும்பாலும் நடப்பது. இரு நூற்றாண்டுக்கு மேல் ஜப்பானில் உள்நாட்டு அமைதி நிலவியது உண்மை. ஆனால் 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்து நின்றபோது எதிர்க்கும் வலு ஜப்பானிடம் இல்லை. சமமற்ற ஒப்பந்தங்களில் அது கையெழுத்திட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் தனிமை வேறு வகை. நிலையான கூட்டணிகளைத் தவிர்க்குமாறு ஜார்ஜ் வாஷிங்டன் 1796இல் தம் விடையுரையில் அறிவுறுத்தினார். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையை அந்நாட்டு செனட் 1919இலும் 1920இலும் நிராகரித்ததால் அமெரிக்கா சர்வதேச சங்கத்தில் சேரவில்லை. 1930இல் இறக்குமதி வரிகளை உயர்த்தியது; 1935 முதல் நடுநிலைச் சட்டங்களை இயற்றியது. 1941 டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதோடு இக்காலம் முடிந்தது. அதுவரையிலும் அமெரிக்கப் பொருளும் முதலும் உலகெங்கும் சென்றுகொண்டுதான் இருந்தன. அரசியலில் ஒதுங்கி, வணிகத்தில் திறந்திருந்த நாடு அது.

பர்மா: கதவடைப்பின் பின்னணி

மூன்று வகைத் தனிமையையும் ஒருசேரக் கடைப்பிடித்த ஆசிய நாடுகளில் தமிழர் வாழ்வை ஆழமாகத் தொட்டது பர்மா. அந்நாடு ஏன் கதவடைத்தது என்பதற்கான காரணம் காலனி ஆட்சிக் காலத்தில் இருக்கிறது.

1852இல் கீழ்ப் பர்மாவையும் 1885இல் மேல் பர்மாவையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகளை அழித்து நெல்வயல்கள் உருவாக்கப்பட்டன. உழவருக்குக் கடன் தர ஐரோப்பிய வங்கிகள் முன்வரவில்லை. அந்த இடத்தை நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் நிரப்பினர். இரங்கூனின் முகல் தெருவில் தொடங்கி உள்நாட்டுச் சிற்றூர்கள் வரை அவர்களுடைய கிட்டங்கிகள் பரவின. 1930 அளவில் பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் நிறுவனங்கள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. பர்மா உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் வெளியே சென்றது. துறைமுகம், ஆலை, ரயில், நகரத் துப்புரவு ஆகிய வேலைகளில் தமிழரும் தெலுங்கரும் ஒடியரும் நிறைந்தனர். 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இருந்தனர். இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் அவர்களே.

1930களின் உலகப் பெருமந்தம் இந்த அமைப்பை உடைத்தது. நெல் விலை பாதியாகச் சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக எழுதிவைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் ஆறு விழுக்காடு. 1938இல் ஏறத்தாழ கால் பங்கு. நிலத்தை விரும்பி வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். கொடுத்த பணத்துக்குப் பதிலாக அது வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவனுக்கோ எதிரே தெரிந்தது வெளிநாட்டு முகம். 1930இலும் 1938இலும் இரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் மலைகளையும் காடுகளையும் நடந்து கடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர்.

1948 ஜனவரி 4இல் சுதந்திரம் பெற்ற பர்மாவை உடனே உள்நாட்டுப் போர் சூழ்ந்தது. கம்யூனிஸ்டுகளும் கரேன் இனத்தாரும் ஆயுதம் ஏந்தினர். சீன உள்நாட்டுப் போரில் தோற்ற கோமிண்டாங் படையினர் ஷான் மலைப்பகுதியில் வந்து தங்கினர். வெளிச்சக்திகள் தம் மண்ணைப் போர்க்களமாக்கிவிடும் என்ற அச்சம் பர்மியத் தலைவர்களுக்கு ஏற்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்நிய முதலைப் பற்றிய கசப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது.

நே வின் ஆட்சி, 1962–1988

1962 மார்ச் 2இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த மாதம் ‘சோஷலிசத்துக்கான பர்மிய வழி’ என்ற கொள்கை அறிக்கை வெளியானது. அமெரிக்க அறக்கட்டளைகள் வெளியேற்றப்பட்டன. வெளிநாட்டார் நாட்டில் தங்கும் காலம் தொடக்கத்தில் 24 மணி நேரமாகக் குறுக்கப்பட்டது. 1963இல் வங்கிகளும், 1964இல் மொத்த வணிகமும் கடைகளும் அரசுடைமையாயின. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. தனியார் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அரசு எடுத்துக்கொண்டது.

வெளியுறவில் பர்மா கடும் நடுநிலையைக் காத்தது. 1955இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய நாடுகளில் ஒன்றான பர்மா, 1967இல் தொடங்கிய ஆசியான் அமைப்பில் சேரவில்லை. 1979இல் ஹவானா மாநாட்டின்போது அணிசேரா இயக்கத்திலிருந்தே விலகியது. அவ்வியக்கம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பது அதன் குற்றச்சாட்டு. நாடு தனக்குள் சுருங்கிக்கொண்டிருந்த 1961 முதல் 1971 வரையிலான பத்தாண்டில், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்து உலகப் பூசல்களைத் தீர்க்க முயன்றவர் பர்மியரான ஊ தாண்ட் என்பது இவ்வரலாற்றின் முரண்.

இக்கொள்கையால் பர்மாவுக்குக் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகியவை வல்லரசுகளின் போர்க்களமாகி எரிந்தபோது பர்மா அந்தத் தீயிலிருந்து தப்பியது. சீனத்தோடு 1960இல் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டு அந்தப் பெரிய அண்டை நாட்டோடு முழுப் போரையும் தவிர்த்தது. அரசியல் தனிமையின் பயன் இது.

பொருளாதாரத் தனிமையின் பலன் நேர்மாறானது. உழவரிடம் அரசு குறைந்த விலைக்கு நெல்லை எடுத்ததால் விளைச்சலில் ஊக்கம் குன்றியது. போருக்கு முன் 30 லட்சம் டன்னாக இருந்த அரிசி ஏற்றுமதி 1970களின் தொடக்கத்தில் சில லட்சம் டன்னாகச் சுருங்கியது. அரசுக் கடைகளில் பொருள் இல்லை. தாய்லாந்து எல்லை வழியாக வந்த கள்ளச் சரக்கே சந்தையை நடத்தியது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடில்லாமல் செல்லாதவை ஆக்கப்பட்டதில், புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் மதிப்பிழந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகக் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. 1988 ஆகஸ்ட் 8இல் வெடித்த மக்கள் எழுச்சியைப் படை அடக்கியது. செப்டம்பரில் புதிய இராணுவக் குழு ஆட்சிக்கு வந்து, அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்தது.

கரையேறியவர்கள்

1964 முதல் சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கடை போயிற்று, கையிலிருந்த நோட்டு செல்லாமல் போயிற்று. கப்பலேறும்போது சிறு தொகைக்கும் கொஞ்சம் நகைக்கும் மேல் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை. தமிழகத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1.44 லட்சம் பேர். இவர்களுள் பெருஞ்செல்வர் குறைவு. வட்டிக்கடைக்காரர்களில் பலர் முன்பே ஊர் திரும்பிவிட்டனர். 1960களில் வந்தவர்களில் பெரும்பாலோர் சிறு கடைக்காரரும் கூலித்தொழிலாளரும் உழவரும் ஆவர். அங்கேயே பிறந்து பர்மிய மொழியிலேயே படித்த பிள்ளைகளும் அவர்களோடு வந்தனர். யாருடைய செல்வத்தை எதிர்த்துக் கதவு அடைக்கப்பட்டதோ அவர்களைவிட, எளியவர்களையே அது அதிகம் நசுக்கியது.

அவர்களுக்காக முகாம்களும் குடியிருப்புகளும் அமைந்தன. பர்மா காலனி, பர்மா நகர் என்ற பெயர்கள் தமிழக நகரங்களில் நிலைத்தன. சென்னைக் கடற்கரைச் சாலையோரம் 1969இல் பர்மா பஜார் உருவானது. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக அதே ஆண்டு ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய உணவுகள் வடசென்னைத் தெருக்கடைகளில் இடம்பிடித்தன. தமிழகத்தில் வேர்பிடிக்க முடியாத சிலர் தரைவழியே மீண்டும் பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் கட்டி, எல்லை வணிகத்தில் ஈடுபட்டனர்.

பர்மாவிலேயே தங்கியவர்களின் நிலை இன்னும் கடினம். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே குடியிருந்த இனங்களுக்கே முழுக் குடியுரிமை என்று வரையறுத்தது. பல தலைமுறையாக வாழ்ந்த தமிழரும் இரண்டாந்தரக் குடிகளாயினர். தமிழ்ப் பள்ளிகள் மூடப்பட்டபின் கோயில்களே மொழியைக் காக்கும் இடங்களாயின.

இலங்கை: பாதி அடைத்த கதவு

இலங்கையில் கதவு முதலில் மக்களுக்கே மூடப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றது. எஞ்சிய 1.5 லட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974இல் முடிவாயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகத் தமிழகம் சேர்ந்தோர் சுமார் 4.6 லட்சம். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை தந்தன. திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போனவர்களில் சிலர் கடன்பிணைப்பில் சிக்கியதும் உண்டு.

பொருளாதாரக் கதவடைப்பு 1970 முதல் 1977 வரை நடந்தது. அந்நியச் செலாவணி இல்லாத நிலையில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைச் சிறிமாவோ அரசு தடுத்தது. இதில் யாழ்ப்பாண, வன்னி உழவர் பெரும்பயன் அடைந்தனர். மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்ல விலை போயின. படித்த இளைஞர்கள்கூட முத்தையன்கட்டுப் போன்ற குடியேற்றத் திட்டங்களில் தோட்டம் செய்யப் போனார்கள். தமிழக இதழ்களும் நூல்களும் கட்டுப்படுத்தப்பட்டதால் ஈழத்து எழுத்துக்கு இடம் கிடைத்தது. வீரகேசரி பிரசுரங்கள் வழியாகப் பல நாவல்கள் வெளிவந்தன. அதே ஆண்டுகளில் பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். 1974 அளவில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன சந்தையைத் திறந்தபோது, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் குவிந்து யாழ்ப்பாண உழவரின் வருமானம் சரிந்தது. பாதுகாப்பில் வளர்ந்த தொழிலைப் படிப்படியாகப் பழக்காமல் ஒரே நாளில் வெளியே விட்டதன் விளைவு அது. அடைப்பது எவ்வளவு கேடு தருமோ, ஆயத்தமின்றித் திறப்பதும் அவ்வளவு கேடு தரும்.

இந்தியா: அணிசேராமையும் சுயசார்பும்

இந்தியாவின் அணிசேராக் கொள்கையைத் தனிமைக் கொள்கை என்று கூறுவது பிழை. எந்த இராணுவ அணியிலும் சேராத இந்தியா, கொரியப் போரின் சமரச முயற்சியிலும் ஐ.நா. அமைதிப் படைகளிலும் முன்னின்றது. ஆனால் பொருளாதாரத்தில் அது பாதி மூடியே இருந்தது. இறக்குமதி உரிமம், உயர்ந்த சுங்கவரி, அந்நிய முதலுக்கு வரம்பு ஆகியவற்றால் உள்நாட்டுத் தொழில் வளர்ந்தது. உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கோ 1950 அளவில் இரண்டு விழுக்காடாக இருந்து 1990இல் அரை விழுக்காடாக இறங்கியது.

இந்தக் காலத்திலும் நாட்டைக் காத்தது ஒரு திறப்புதான். 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நம்பியிருந்தது. கொங்கு நாட்டில் பிறந்த சி. சுப்பிரமணியம் அப்போது உணவு அமைச்சர். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை அவர் வரவழைத்தார். பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர்.8 நெல் தமிழக வயல்களுக்கும் வந்தது. உணவில் தன்னிறைவு பெற்றதற்கு வெளிநாட்டு விதையும் அறிவும் துணைநின்றன. 1991இல் அந்நியச் செலாவணி வற்றி, தங்கத்தை வெளிநாட்டில் ஈடுவைக்கும் நிலை வந்தபோது இறக்குமதி உரிம முறை தளர்த்தப்பட்டது. அந்த வணிகக் கொள்கையை அறிவித்த அமைச்சர் ப. சிதம்பரம், பர்மாவில் பெருமுதலை இழந்த செட்டிநாட்டைச் சேர்ந்தவர்.

திண்டுக்கல் சமவெளியில்

திறப்பும் அடைப்பும் ஒரு சிற்றூர் உழவரை எப்படித் தொடுகின்றன என்பதற்குத் திண்டுக்கல்–பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம் நல்ல சான்று. மழை குறைந்த, கிணற்றை நம்பிய மேட்டு நிலம் இது; காய்கறியும் பூவும் இதன் பயிர்கள். இந்தியா 1950இலேயே இஸ்ரேலை அங்கீகரித்தாலும் முழுத் தூதரக உறவு 1992இல்தான் ஏற்பட்டது. அதன்பின் வந்த இரு நாட்டு வேளாண் ஒத்துழைப்புத் திட்டத்தின்கீழ் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறி மகத்துவ மையம் அமைந்தது. நிழல்வலைக் கூடாரம், பசுமைக்குடில், சொட்டுநீர்ப் பாசனம், குழித்தட்டு நாற்று ஆகியவற்றை இப்பகுதி உழவர் அங்கே பார்த்துப் பழக முடிகிறது. தண்ணீர் குறைந்த இரு நாடுகளின் அறிவு ஒரே வயலில் சந்திக்க, நாற்பது ஆண்டு அரசியல் விலகல் முடிய வேண்டியிருந்தது.

அதே வட்டாரம் அடைப்பின் பாதிப்பையும் அறியும். திண்டுக்கல் வெங்காயப் பேட்டைக்கு வரும் சின்ன வெங்காயம் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழர் சமையலுக்குச் செல்வது. வடநாட்டில் பெரிய வெங்காயமான பல்லாரியின் விலை ஏறியதால் 2019 செப்டம்பர் 29இல் எல்லா வகை வெங்காய ஏற்றுமதியையும் மத்திய அரசு தடை செய்தது. பின்னரும் இத்தகைய தடைகள் வந்தன. நகர நுகர்வோரைக் காக்க எடுத்த முடிவில், தொடர்பில்லாத ஒரு பயிரின் வெளிநாட்டுச் சந்தையும் மூடிக்கொண்டது. பிற நாடுகள் அடைக்கும்போதும் இதுவே நேர்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும் அதற்கு நூல் தரும் நூற்பாலைகளும் ஆட்டங்கண்டன.

மதிப்பீடு

இவ்வரலாறுகளை ஒப்பிட்டால் சில முடிவுகள் தெளிவாகின்றன. முதலாவது, அரசியல் தனிமைக்கும் பொருளாதாரத் தனிமைக்கும் பலன் வேறு. 1815 முதல் நடுநிலை நாடாக ஏற்கப்பட்ட சுவிட்சர்லாந்து 2002 வரை ஐ.நா.வில்கூடச் சேரவில்லை, ஆனால் வங்கியும் கடிகாரமும் மருந்தும் கொண்டு உலகோடு இணைந்து செழித்தது. பர்மா நடுநிலையோடு நிறுத்தியிருந்தால் அதன் அரிசி ஏற்றுமதி சுருங்கி, அதன் மக்கள் வறுமைக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கதவடைப்பு பெரும்பாலும் ஒரு காயத்திலிருந்து பிறக்கிறது. பர்மிய உழவன் நிலத்தை இழந்தது உண்மை. அவனுடைய கோபம் நியாயமானது. நிலச் சீர்திருத்தமும் கூட்டுறவுக் கடனும் அதற்கு மருந்தாகியிருக்கும். ஒரு சமூகத்தையே வெளியேற்றியதும், கடன் கொடுக்க ஆளில்லாமல் போனதும் அந்த உழவனையும் சேர்த்தே வீழ்த்தின. வெளிநாடு சென்று பொருளீட்டும் சமூகங்களுக்கும் இதில் பாடம் உண்டு: போன மண்ணின் மக்களோடு ஆதாயத்தைப் பகிராத வணிகம் தன் கதவைத் தானே அடைத்துக்கொள்கிறது.

மூன்றாவது, பாதுகாப்பு வரி அல்லது இறக்குமதித் தடை குறுகிய காலத்துக்கு ஓர் உழவரையோ தொழிலையோ வளர்க்கக்கூடும் என்பதை யாழ்ப்பாணம் காட்டியது. அதற்கு முடிவுநாளும், முடிவை எதிர்கொள்ளும் ஆயத்தமும் வேண்டும்.

நான்காவது, எல்லைக்கு இருபுறமும் வேர்விட்ட மக்களே இக்கொள்கையின் முதல் பலி. பர்மாத் தமிழர், மலையகத் தமிழர் என்ற இரு பெருங்குழுக்களின் வாழ்வு அவர்களைக் கேட்காமலேயே இரு அரசுகளின் மேசையில் தீர்மானிக்கப்பட்டது. வெளியுறவுக் கொள்கையை வகுப்போர் நாட்டின் மானத்தையும் கருவூலத்தையும் எண்ணுவதோடு, கதவை மூடினால் எந்தப் பக்கத்தில் யார் சிக்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். அப்படிச் சிக்குவோருக்குக் குடியுரிமையும் உடைமையும் பயண உரிமையும் உறுதியாகும்வரை, எந்த நாடும் தன் தனிமையை நாட்டுநலன் என்று கூறிக்கொள்ள முடியாது.